கூட்டத்தைப் பார்த்து நின்ற ஏட்டையா

முப்பது வருட போலீஸ் வேலையில் ஏட்டையா ஒருவனையும் துரத்திப் பிடித்ததில்லை. தொப்பை விடாது. ஆனாலும் திருடர்கள் என்னவோ அவரிடம்தான் மாட்டினார்கள். திருட்டு நடந்த இடத்துக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். வாசலில் நின்று, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை வேடிக்கை பார்ப்பார். "பொருளை ஒளிச்சிடுவான், பெருமையை எங்க ஒளிப்பான்?" என்பது அவர் கட்சி. ஸ்டேஷனில் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

தையல்கடையில் ஏழு கோட்டுகள் காணாமல் போன அன்றும் அப்படித்தான் நின்றார். கடைக்காரர் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் நடந்த திருட்டு. உள்ளே புது இன்ஸ்பெக்டர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். கோட்டு தைத்து முடிந்தது தெரிந்தவர்கள் பதினொரு பேர். கடை எப்போது காலியாகும் என்பதும் தெரிந்தவர்கள் நாலு பேர். பூட்டு உடையவில்லை, ஆகவே சாவி வைத்திருந்த ஒருத்தி: கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண். பட்டியல் இவ்வளவு அழகாகச் சுருங்கியதில் இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி.

"நான் வீட்டுல புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டிருந்தேன் சார்."

"யாரு பார்த்தா?"

"புள்ளைதான் பார்த்துச்சு."

பிள்ளைக்கு ஒன்றரை வயது. சாட்சி எடுபடவில்லை. ஜீப் வாசலுக்கு வந்தது. அதில் ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் கடைக்காரரும் அவளை உள்ளே சேர்க்க மாட்டார். ஏட்டையா கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"சுத்தக் கத்துக்குட்டி வேலைப்பா! சாவியைப் போட்டுத் திறந்து, வந்த வழியே ஓடியிருக்கு. இதெல்லாம் ஒரு திருட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற ஒல்லி ஆசாமி மட்டும் சிரிக்கவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது. ஏட்டையா அவன் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"மூளைன்னு ஒண்ணு இருந்தா வாசல் வழியா வருமா?"

"வாசல் வழியா எவன் சார் வந்தான்?" ஆசாமி பொங்கிவிட்டான். "கூரை ஓட்டைப் பிரிச்சு இறங்கி, போகும்போது ஒண்ணு விடாம அடுக்கிட்டுப் போறதுன்னா சும்மாவா? அதுக்கெல்லாம் எவ்வளவு நிதானம் வேணும் தெரியுமா!"

தெருவே அவன் பக்கம் திரும்பியது. ஆசாமி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான், நாலு வார்த்தை தாமதமாக.

கூரையில் ஏறிப் பார்த்த போலீஸ்காரர், மூன்று ஓடுகளில் மட்டும் தூசி இல்லை என்று கத்தினார். கோட்டுகள் ஏழும் ஆசாமியின் கட்டிலுக்கடியில் கிடைத்தன. பட்டியலின் பதினொரு பேரில் அவன் இல்லவே இல்லை.

ஏட்டையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார். அவள் நன்றி சொல்லவில்லை.

"ஏண்ணே, அந்த ஆளு வாயை மூடிட்டு இருந்திருந்தா என்னை என்ன பண்ணியிருப்பீங்க?"

ஏட்டையா ஜீப்பைக் கை காட்டினார்.

"ஜீப்புல கொண்டுபோய் விடச் சொல்லட்டுமாம்மா?"

"ஜீப்பா? ஆளை விடுங்க சாமி!"

அவள் நடந்தாள். ஏட்டையா மூச்சு வாங்கப் பின்னாலேயே போனார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலேயே, "இந்தம்மா எடுக்கலீங்க, அது வேற ஆளு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மூன்றாவது தெருவில் அவள் நின்று திரும்பினாள்.

"போதும்ணே. இந்தத் தெருவுல யாருக்கும் விஷயமே தெரியாது."