டக்கென்று ஒரு சத்தம்

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில் அவர் வந்தார். சாஆ என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். அரிவாளைத் தீட்டும்போது ஆள்காட்டி விரலின் தசைநாண் அறுந்து, அதைத் தைத்திருந்தார்கள். ஒல்லியான, நெடிய உருவம். அந்தக் கையைத் துண்டால் இறுக்கிச் சுற்றி, கோழிக்குஞ்சைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“ஆட்டாம வச்சாத்தானே ஒட்டும் மிஸ்ஸி?”

“ஆட்டாம வச்சா சுத்தி இருக்குற சதையோட ஒட்டிக்கும் அங்கிள். தசைநாணுக்குள்ள இருக்குற செல்லுங்களுக்கு இழுப்பு தெரியும். லேசா இழுத்தா, அந்தத் திசையிலேயே நாரை வரிசையாப் போடும். இழுப்பே இல்லன்னா தாறுமாறாப் போட்டுடும். அப்புறம் விரல் மடங்காது.”

“ரொம்ப இழுத்துட்டா?”

“அறுந்துடும்.”

“அலமாக்! அப்போ எவ்வளவு இழுக்கணும்?”

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடுதான் அதுவரை பேசிக்கொண்டிருந்தேன். இனி அளவை என் கைதான் உணர்ந்து சொல்ல வேண்டும். கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டேன்.

துண்டை அவிழ்த்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா மடக்குங்க,” என்றேன். விரல் அசைந்தது. ‘டக்’கென்று ஒரு சத்தம். அறுந்தேவிட்டது என்று நினைத்தேன்.

“என் நாக்குச் சத்தம் மிஸ்ஸி,” என்று சிரித்தார். “சும்மா லா.”

திட்ட வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றி முழுக்க வியர்வை. விரல் பாதி மடங்கி நின்றது.

அந்த விளையாட்டு என் பயத்துக்கா, அவர் பயத்துக்கா, இன்றும் தெரியவில்லை. புதிதாக ஒருவர் விரலை மடக்கும்போதெல்லாம் என் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறது.