சீறிய குட்டி

தொண்ணூறுகளில், வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு முதன்முதலாக நாய்க்குட்டி வாங்கப் போனோம். கையை நக்கிய குட்டியை அப்பா தூக்கினார். "அது சாதுங்கப்பா, கடிக்கறதுதான் வேணுங்க" என்று சீறிய குட்டியை நான் எடுத்தேன். வளர்ந்ததும் அது யாரையும் உள்ளே விடவில்லை. எனக்குப் பெருமை.

ஒருநாள் மத்தியானம், தோட்டத்தில் வேலை செய்யும் ராமாயி கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். நாய் குரைத்ததில் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டை விட்டு எழ மனமில்லை. "அப்புறம் வா" என்றேன்.

கை கழுவி வெளியே வந்தபோதும் அங்கேயே நின்றிருந்தார்.

"பெரியவரு வரப்புல உழுந்து கெடக்கறாருங்க!"

ஓடினேன். அப்பாவுக்கு மூச்சு இல்லை.

நாயை யாருக்கோ கொடுத்துவிட்டேன். ராமாயி இன்றும் கேட்டுக்கு வெளியிலிருந்துதான் கூப்பிடுகிறார். அன்று அவரைத் தடுத்தது நாய் மட்டுமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.