ஐந்தாம் ரீலில் நின்றவர்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பழைய தியேட்டரில் நான் புரொஜெக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் வருவதற்குச் சற்று முந்திய காலம். படம் மங்கலாகத் தெரிந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆட்கள் கத்துவதற்குள் லென்ஸைத் திருப்பிவிடுவேன். ஃபோகஸ் வைக்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. படத்தின் அடியில் வரும் மலாய் மொழிபெயர்ப்பு எழுத்துகளைத்தான் பார்ப்போம். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால் எல்லாம் சரி. நடிகர் முகத்தைப் பார்த்து ஃபோகஸ் வைப்பவன் ஏமாந்துபோவான். அவ்வளவு பவுடர் பூசியிருப்பார்கள்.

ஒரு பெண் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து வருவார். முப்பது வயது இருக்கும். தினமும் மத்தியானக் காட்சிக்குத் தனியாக வந்து உட்காருவார். ஒரு நாள் படம் முடிந்ததும் மாடியேறி வந்து என் அறைக் கதவைத் தட்டினார். எரிச்சலோடுதான் திறந்தேன்.

“அண்ணே, அந்த ஜெட்டி சீன் கிளியரா இல்ல லா. கொஞ்சம் பாருங்கண்ணே.”

“எழுத்து நல்லாத்தானேம்மா தெரிஞ்சுச்சு?”

“எழுத்த யாரு பாத்தா? ஹீரோவுக்குப் பின்னால நிக்கிறவரு முகம் தெரியல.”

ஜெட்டி என்றால் இங்கே படகுத்துறை; அது ஐந்தாம் ரீலில் வரும் காட்சி. தமிழ்நாட்டிலிருந்து வந்த படக்குழு போர்ட் கிள்ளானில் நட்ட நடு வெயிலில் எடுத்தது. கதாநாயகன் முன்னால் நின்று வசனம் பேசுவான். பின்னால் படகுகளின் ஓரமாக ஊர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதில் நீலச் சட்டை போட்டவர் தன் கணவர் என்றார் அந்தப் பெண். கணவர் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. படகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. படப்பிடிப்பு நடந்ததோ அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு.

“அவருதான்னா உயிரோட இருக்காருன்னு அர்த்தம். வீட்டுல கருமாதி செஞ்சே ஆகணும்னு நிக்கிறாங்க. நான் எப்படிண்ணே பொட்ட அழிப்பேன்? முகம் தெரிஞ்சா போதும்.”

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேமராவில் மங்கலாகப் பதிந்ததை என் லென்ஸால் தெளிவாக்க முடியாது என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார், மறுநாளும் வந்தார். அதன் பிறகு அந்தக் காட்சி வந்தாலே நானும் நீலச் சட்டையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மற்றவர்கள் வெயில் தாங்காமல் அசைந்துகொண்டே இருப்பார்கள். அவர் மட்டும் அசைவதே இல்லை.

எங்களுக்கும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான். அங்கே ஓடி முடிந்த ரீல்களை ஒருவர் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். பிரிண்ட் மறுநாள் ஈப்போவுக்குப் போகிறது என்ற கடைசி நாளில்தானா அவர் ஷா ஆலம் பக்கம் கொளுத்தும் வெயிலில் ஜாமில் மாட்டிக்கொள்ள வேண்டும்!

“சோரி பாஸ், ரோடு அசையவே இல்ல லா” என்று அவர் நீட்டிய தகரப் பெட்டி கையைச் சுட்டது. சூட்டில் வளைந்த ஃபிலிம் புரொஜெக்டருக்குள் தட்டையாக நிற்காது. படம் தெளிவதும் மங்குவதுமாக இருக்கும். ஆறவைக்க நேரமில்லை. அப்படியே மாட்டினேன்.

ஜெட்டி காட்சி வந்தது. முதலில் மலாய் எழுத்துகள் கலங்கின. பிறகு கதாநாயகன் முகம், படகுகள், ஊர்க்காரர்கள் எல்லாம் கலங்கின. நீலச் சட்டைக்காரர் மட்டும் தெளிந்து வந்தார். காது, மீசை, கழுத்தில் தாயத்து. அப்படி நடக்கவே முடியாது. ஒரே ஃபிலிமில் பதிந்த கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் எந்த லென்ஸும் பிரித்தெடுக்காது. லென்ஸில் வைத்த என் கை திருப்ப மறந்து அப்படியே நின்றது. கீழே, “ஃபோகஸ்! ஃபோகஸ் லா!” என்று கூச்சல். அவர்களுக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது.

பிறகு எழுத்துகள் திரும்பி வந்தன. அவர் பழையபடி நீலத் திட்டானார்.

படம் விட்டதும் அந்த ரீலை விளக்கில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து அந்தக் காட்சி முழுவதையும் தேடினேன். எந்த ஃபிரேமிலும் அவருக்கு முகம் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறக்கவே பயமாக இருந்தது.

அந்தப் பெண் அழவில்லை.

“பாத்தீங்களாண்ணே?”

“பாத்தேன்மா.”

“அவருதான்.”

எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நான் பார்த்ததில் இன்னொன்றும் இருந்தது. அது அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

“அவ்வளவு வெயில்ல அவரு மட்டும் ஏண்ணே நனஞ்சிருந்தாரு? தலையிலேருந்து தண்ணி சொட்டுச்சு.”

அந்தப் பெண் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே கைபேசியை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டார்.

“அத்தே, கருமாதிக்கு நாள் பாக்கச் சொல்லுங்க” என்றார்.