காது சூடாகட்டும்

செல்லப்பாண்டியின் காது மடலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் ஆக்ஸிலியா. "ஐஸா கெடக்கு. ஏலே, இன்னும் குதி."

காது சூடாகாமல் அவருடைய ஜிம்மில் யாரும் ஒரு குத்துக்கூட விட முடியாது. கொடைக்கானல் குளிரில் விறைத்த காலோடு உதைத்துத் தசை பிடித்துக்கொண்டு அவரே பலமுறை துடித்திருக்கிறார். டாக்ஸி ஓட்டும் செல்லப்பாண்டி முனகிக்கொண்டே ஸ்வெட்டரோடு மறுபடி குதிப்பார்.

பெங்களூரில் ஓட்டல் வேலை பார்த்த காலத்தில் கிக்பாக்ஸிங் கற்று, 2005இல் ஊர் திரும்பியவர் ஆக்ஸிலியா. நல்லுசாமியின் உருளைக்கிழங்கு குடோன் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார். ஓட்டல்கள் கழித்துப் போட்ட மெத்தைகளைத் தரையில் விரித்தார். சாக்குக்குள் கிழிந்த கம்பளிகளைத் திணித்துக் குத்துப்பை செய்தார். கட்டிப் புரண்டு மடக்கும் எம்.எம்.ஏ. பிடிகளை சி.டி. போட்டுப் பார்த்துத் தானே பழகிக்கொண்டார். "பொம்பள அடிக்கச் சொல்லித் தருதாம்ல!" என்று ஊர் சிரித்தது. அவரிடம் பழகிக்கொண்டிருந்த, வில்பட்டியில் கேரட் கழுவும் மகாராணி, பஸ்ஸில் உரசியவனை ஒரே உதையில் படிக்கட்டுக்குக் கீழே இறக்கினாள். அடுத்த வாரம் மெத்தையில் நிற்க இடமில்லை.

பயிற்சி முடிந்ததும் சுக்குக் காப்பி உண்டு. ஆனால் அடி வாங்கியவருக்கு மட்டும். "அடிச்சவனுக்குத்தான் சந்தோஷம் கெடச்சிருச்சே, காப்பி வேற எதுக்கு?" என்பார். ஓட்டல் ரூம் பாய்களும் கேரட் கழுவும் பெண்களும் தோளை நிமிர்த்திக்கொண்டு ஏரிச் சாலையில் நடந்துபோவதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து நல்லுசாமி வந்து நின்றார். "மதுரைப் போட்டியில ஒரு கப்பு அடிச்சிட்டு வாங்க மாஸ்டர், குடோன் ஒங்களுக்கே. இல்லேன்னா கேரட் மூட்டை போட விட்டுர்றேன்."

போட்டி மே மாதம். சீசன் சவாரியை விட்டுவிட்டுச் செல்லப்பாண்டி கிளம்பினார். மகாராணியும் போனாள். மதுரையில் போட்டி நடந்த தகரக் கொட்டகை அனலாய்க் கொதித்தது. ஆக்ஸிலியா வழக்கம்போல இருவருக்கும் ஸ்வெட்டர் மாட்டிக் குதிக்க விட்டார். காதைத் தொட்டுப் பார்த்தார். வேர்வையில் நனைந்திருந்த மடல் விரலுக்குச் சில்லென்று பட்டது. "இன்னும் சூடாகல, குதிங்க" என்றார். குதித்தார்கள். மணி அடித்தபோது இருவருக்கும் கை தூக்கவே தெம்பில்லை. அவரவர் போட்டியின் முதல் சுற்றிலேயே இரண்டு பேரும் விழுந்தார்கள்.

திரும்பும் பஸ் வத்தலக்குண்டு தாண்டியதும் ஆக்ஸிலியா இருவர் பக்கமும் திரும்பினார். "நீங்க தோக்கல. நாந்தான் ஒங்கள வேக வச்சிட்டேன்" என்றார். சாக்குப்போக்கு ஒன்றும் தேடவில்லை. அந்த மனசு எத்தனை மாஸ்டர்களுக்கு வரும்?

குடோனைக் காலி செய்த அன்று நல்ல பனி. கேரட் மூட்டைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஆக்ஸிலியா ரோட்டோரம் குத்துப்பைமேல் உட்கார்ந்திருந்தார். "இனி எனக்கென்ன சோலி இங்க? பெங்களூருக்கே போறேன்."

வெள்ளனே வில்பட்டியிலிருந்து வந்துவிட்ட மகாராணி அவர் முன்னால் போய் நின்றாள். குனிந்து மாஸ்டரின் காது மடலைக் கிள்ளிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐஸா கெடக்கு மாஸ்டரக்கா. வெரசா எந்திரிச்சுக் குதிங்க."

மூட்டை தூக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, நடுரோட்டில் ஆக்ஸிலியா குதிக்க ஆரம்பித்தார்.