எந்தச் சேகரத்துக் கல்யாணம்

எங்கள் மெதடிஸ்த சபையில் சில ஆலயங்கள் சேர்ந்தால் ஒரு சேகரம். அதற்கு ஒரு முகாமைக்குரு. சேகரங்கள் சேர்ந்தால் மாவட்டம். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். கண்டியில் படிப்பிக்கும் எனக்கு மூன்று மொழியும் வரும் என்பதால், மாவட்டக் கூட்டங்களில் தமிழில் பெயர்த்துச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் எங்களுக்குச் சின்ன ஆலயம் ஒன்று உண்டு. அவ்வப்போது பிரசங்கம் செய்யப் போவேன். அது முதலில் கண்டிச் சேகரத்தில் இருந்தது. போக்குவரத்துக்குச் சுலபம் என்று பக்கத்துச் சேகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே தமிழ் தெரிந்த குரு இல்லை என்றதும் திரும்பக் கண்டிக்கே கொடுக்கத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தைத் தமிழில் சொன்னவளும் நான்தான். ஆனால் எப்போதிலிருந்து என்று யாரும் முடிவு செய்யவில்லை. பக்கத்துச் சேகரம் கைவிட்டது, கண்டி ஏற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்திலேயே தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அப்பா என்னைத் தேடிப் பாடசாலைக்கே வந்தார். இருவருமாகக் கண்டி முகாமைக்குருவிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

“ஓம் டீச்சர், எனக்கு விளங்குது. ஆனா முறைப்படி ஒப்படைக்காமல் நான் போனா, மற்றச் சேகரத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி ஆயிடும்” என்றார்.

கண்டி ஆலயத்தில் வைத்துக்கொள்ளலாமே என்றும் கேட்டார். தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் சனம் முழுவதையும் கண்டிக்கு இறக்க அந்தக் குடும்பத்தால் முடியாது. பக்கத்துச் சேகரக் குருவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த ஆலயம் இப்போது கண்டியுடையதுதானே என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார். மாவட்ட அலுவலகத்தில், அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அடுத்த கூட்டம் கல்யாணத்துக்குப் பிறகு.

அலுவலக வாசலில் வைத்துப் பெண்ணின் அப்பா கேட்டார்: “அப்ப நாங்க யாரு சபைங்க டீச்சர்?”

எரிச்சலோடு நான் படியிறங்கினேன்.

கடைசியில் பதிவாளர் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு, எல்லோரும் ஆலயத்துக்கு வந்தார்கள். நான் குரு இல்லை. வேதம் வாசிக்கலாம், ஜெபம் பண்ணலாம். கல்யாணம் செய்துவைக்க முடியாது. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும், ஆசீர்வாதத்துக்காக இருவரும் என் முன்னால் முழங்காலில் நின்றார்கள். குருவைப் போலக் கையை உயர்த்தாமல் ஒரு ஜெபம் சொல்லி அவர்களை எழுப்பினேன். பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் நான் பெயர்த்துச் சொல்லவில்லை. எழுந்து என் சொந்தப் பேச்சைப் பேசினேன். தலைவர் வருத்தம் தெரிவித்தார். சேகர எல்லைகளை ஆராய ஒரு குழு போட்டார். அதில் என்னையும் சேர்த்தார். எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று பல சனிக்கிழமைகள் வாதாடி, ஒருவழியாக அந்த ஆலயம் கண்டிச் சேகரத்தில் சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் குட்ஷெட் பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைக் கண்டேன். ஆலயம் கண்டியோடு சேர்ந்துவிட்ட செய்தியை ஆசையாகச் சொன்னேன். அவளும் கணவனும் இப்போது குண்டசாலையில் வேறொரு சபையின் ஜெபக்கூடத்துக்குப் போகிறார்களாம்.

“அங்க பாஸ்டர் கூப்புட்டா வந்துர்றாரு டீச்சர்” என்றாள், குறையாக இல்லை, சாதாரணமாக.

நல்லது என்றேன். அவளுடைய பஸ் வந்தது.