ஜெசிந்தா எழுதிக் கொடுத்த திருத்தம்

ஜெசிந்தா இறந்த செய்தி ஒரு விளம்பரமாக வந்தது. காலை பத்தரை மணி இருக்கும். தேனியில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் விளம்பர மேசைக்கு முன்னால் ஜெசிந்தாவின் தம்பி அந்தோணி வந்து நின்றார். மேசைக்குப் பின்னால் காலியாக இருந்தது ஜெசிந்தாவின் நாற்காலி. காய்ச்சல் என்று ஒரு வாரமாக அவர் வேலைக்கு வரவில்லை. கம்பத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள், பிறகு மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முப்பத்தொரு வயது.

அந்தோணி நீட்டிய தாளில் கண்ணீர் அஞ்சலி, காமயகவுண்டன்பட்டி, அடக்கத் திருப்பலி நேரம் எல்லாம் இருந்தன. நடுவில் பெயர்: ஜெசிந்தா, எம்.பி.ஏ. அந்த மூன்று எழுத்துகளின் மீது பேனாவை வைத்தேன்.

"அது இருக்கட்டும் சார். படிக்கப் போகலைன்னாலும் அக்கா சீட்டு வாங்குனது ஊருக்கே தெரியும். நீங்கதானே எழுதுனீக" என்றார் அந்தோணி.

பேனாவை எடுத்துவிட்டேன். மறுநாள் அப்படியே அச்சாகி வந்தது.

அவரைத் தெரிந்த உங்களில் பெரும்பாலோர் அந்த மேசையில்தான் பார்த்திருப்பீர்கள். பட்டம் விஷயத்தில் அவரிடம் யாரும் தப்ப முடியாது. போடியிலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர், இறந்துபோன தன் பெரியப்பாவின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடச் சொன்னார்.

"படிச்சு முடிச்சிருந்தாகளா அண்ணே?"

"ரெண்டு வருசம் போனாரு. செத்தவருக்குப் போயி சர்ட்டிபிகேட் கேக்குறியேத்தா."

"அதான் கேக்குறேன். நாளைக்கு அவுகளே வந்து திருத்த முடியாதுல்ல."

வியாபாரி சிரித்துவிட்டு, பி.ஏ.வைத் தானே அடித்துக் கொடுத்தார்.

எம்.பி.ஏ. என்னும் மேலாண்மைக் கல்விக்கான நுழைவுத் தேர்வுக்கு ஜெசிந்தா தயாரானது பெரும்பாலும் பேருந்தில்தான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் கம்பம், அங்கே மாறித் தேனி. அந்தத் தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். நேரம் முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. சின்னமனூரிலிருந்து தேனிக்கும் ஏறக்குறைய நாற்பது நிமிடம். பஸ் சின்னமனூரை விட்டதும் தாளை எடுப்பார். தேனி நிலையத்துக்குள் பஸ் திரும்பும்போது, கணக்கு பாதியில் நின்றாலும் மூடிவிடுவார். நானும் சில நாள் அந்த பஸ்ஸில் வந்திருக்கிறேன். ஒருமுறை வீரபாண்டியில் ஏறிய ஒரு அம்மா அவர் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"எத்தனாவது படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு?"

"எனக்குத்தான்க்கா."

"ஏத்தா, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

"அந்தக் கேள்வி இந்தத் தாள்ல வரலக்கா."

தவறாக விடை எழுதினால் அந்தத் தேர்வில் மதிப்பெண் குறையும். எழுதாமல் விட்டால் குறையாது. இதை எனக்கு விளக்கியபோது அவர் சொன்னது: "தெரியலைன்னா விட்டுட்டுப் போயிரலாம் சார். தெரிஞ்ச மாதிரி எழுதுறதுக்குத்தான் வெட்டு."

எதற்கு இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருந்தது. "பந்தலுக்கு அடியில நின்னு வியாபாரி போன்ல பேசி விலை சொல்லுவாரு. யாருகிட்டப் பேசுறாருன்னு அப்பாவுக்குத் தெரியாது. போனுக்கு அந்தப் பக்கம் இருக்கவுக என்ன படிச்சிருக்காகன்னு பாக்கணும் சார்" என்றார்.

மூன்றாவது முறை எழுதியபோது, வடக்கே பெயர் பெற்ற ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அதை அச்செடுத்து என் மேசைக்குக் கொண்டுவந்தார். "இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காக சார். சீட்டு இன்னும் கிடைக்கல."

இரண்டு வாக்கியங்களும் என் காதில் சரியாகவே விழுந்தன. அன்று பக்கத்தில் ஒரு பத்தி இடம் மீதமிருந்தது. 'மேலாண்மைக் கல்விக்குக் கம்பம் பள்ளத்தாக்குப் பெண் தேர்வு' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். நேர்காணல் ஒரு சம்பிரதாயம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மற்ற நிருபர்கள் எழுதிவரும் செய்திகளில் இப்படி நடக்காததை நடந்ததாகச் சொல்லும் சொற்களைத் தேடி அடிப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை.

இரண்டு நாளில் ஊர் பஸ் நிறுத்தத்தில் அவர் படத்தோடு பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ஞாயிறு திருப்பலி முடிவில் பங்குச் சாமியார் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னாராம். திங்கட்கிழமை ஜெசிந்தா நேராக என்னிடம் வந்தார்.

"சார், திருத்தம் போட்டுருங்க."

"இன்டர்வியூ முடியட்டும்மா. கிடைச்சதும் பெரிசாப் போட்டுரலாம்."

"கிடைக்கலைன்னா?"

நான் அடுத்த செய்தியைத் திருத்தத் தொடங்கினேன். அவர் ஒரு விளம்பரப் படிவத்தை எடுத்து, பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதை இழுப்பறையில் போட்டேன்.

நேர்காணலுக்குப் போய்வந்தார். கோடையில் முடிவு வந்தது. சேர்க்கைப் பட்டியலில் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை.

ஒரு தேர்வின் மதிப்பெண் அந்த ஆண்டோடு சரி. கிடைக்காதவர்கள் மறுபடி எழுதுவார்கள். விண்ணப்பிக்கும் நாட்கள் வந்தபோது, போடவில்லையா என்று கேட்டேன்.

"சீட்டு வாங்குனவ திரும்ப எதுக்கு சார் பரீட்சை எழுதப் போறா? மதுரை சென்டர்லயும் நம்ம பக்கத்துப் பிள்ளைக எழுதும். பாத்துட்டு வந்து ஊருல கேப்பாகல்ல."

இப்போதாவது திருத்தம் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"அப்பப் போட்டிருந்தா அது திருத்தம் சார். இப்பப் போட்டா, நான் தோத்த செய்தி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அதன்பிறகு பையில் தாள்கள் இல்லை. சின்னமனூர் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார். அடுத்த ஆண்டும் அவர் விண்ணப்பிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் காய்ச்சல் வந்தது.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் போயிருந்தேன். எல்லோரும் கலைந்த பிறகு அவருடைய அம்மா செபஸ்தியம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உள்ளறைக் கட்டிலில் ஜெசிந்தாவின் அப்பா படுத்திருந்தார். ஜெசிந்தா கல்லூரிக்குப் போவார் என்று ஊர் எதிர்பார்த்த அதே கோடையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

"சார், ஒண்ணு கேக்கணும். இவுகளுக்கு இப்படி ஆனதாலதானே அவ சீட்டை விட்டுட்டா? கேட்டா வாயவே தெறக்க மாட்டா. நாங்கதானே பிள்ளைய இங்கன பிடிச்சு வச்சுட்டோம்? இவுக அதையே சொல்லிச் சொல்லி அழுகுறாக."

ஒன்றரை ஆண்டுக்கு மேலாக அந்த வீட்டில் இப்படி ஒரு எண்ணம் இருந்தது எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். சீட்டு கிடைக்கவே இல்லை என்பதையும், கிடைத்ததாக எழுதியவன் நான் என்பதையும், அவர் கேட்ட திருத்தத்தை நான் போடவில்லை என்பதையும், மறுபடி அவர் ஏன் எழுதவில்லை என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மா உள்ளறைக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவ எங்களால நிக்கல" என்றார்.

"இல்லம்மா."

"நான் சொன்னா இவுக நம்ப மாட்டாக. பேப்பர்ல வந்தா நம்புவாக. அதைப் போடுங்க."

அதனால் இதை எழுதுகிறேன். ஜெசிந்தா எம்.பி.ஏ. படிக்கவில்லை. அஞ்சலி விளம்பரத்தில் வந்ததும் தவறு. அவர் அந்த மேசையில் இருந்திருந்தால் கேட்காமல் விட்டிருக்க மாட்டார்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த விளம்பரப் படிவம் ஒன்றுதான். பின்பக்கத்தில் அவருடைய நிமிர்ந்த கையெழுத்தில் மூன்று வரிகள். ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே தருகிறேன்.

'காமயகவுண்டன்பட்டி ஜெசிந்தா மேலாண்மைக் கல்விக்குத் தேர்வானதாக வெளியான செய்தி தவறு.
அவர் நேர்காணலுக்கு மட்டுமே அழைக்கப்பட்டுள்ளார்.
முடிவு இன்னும் வரவில்லை.'