தொந்தரவு இல்லையென்றால்

கேட்கப்போவது ஒரு தலையணை. அதற்கு எலிசேயோ பர்ராகான் ஓட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, குறிப்புத்தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறார். கைக்கெட்டும் தூரத்தில் போன். அதைத் தொடமாட்டார்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர், ஸ்பானிஷ் பேசும் ஸகாடெகாஸில் பிறந்தவர், இப்போது லப்பக் நகரில் தனிக்கட்டை. மாதம் ஒருமுறை வேலைக்காக அமரில்லோ நகருக்கு வந்தால் ரயில்பாதை ஓரத்து இந்த ஓட்டலில்தான் தங்குவார். எந்த லிஃப்டில் ஏறினாலும் சுவரில் காதை வைத்து, "இருமுது" என்பார். இங்கே மட்டும் படியில் இறங்குவார். வாக்கியத்தை ஒத்திகை பார்க்க மூன்று மாடி வேண்டும்.

பதினெட்டு வருடத்துக்கு முன், வரவேற்பு மேசை வெர்னாவிடம் தன் ஊர் மரியாதையை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டுவந்து வாசித்தார்: "மன்னிக்கணும் மேடம், உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா, நேரமும் இருந்தா, தயவுபண்ணி ஒரு துண்டு..."

"துண்டுதானா? கிட்னியக் கேக்கப் போறீங்களோன்னு பயந்துட்டேன்!"

வெர்னா சீட்டை வாங்கிப் பென்சிலால் அடித்தார். 'ஒரு துண்டு கிடைக்குமா?' என்பது மட்டும் மிஞ்சியது. "இங்க இப்படித்தான் கேப்போம். தொந்தரவுன்னா நானே சொல்றேன். நீங்களா முடிவு பண்ணாதீங்க."

இன்று எலிசேயோவின் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. கட்டட முதலாளிகளோடு சண்டையே போடுவார். வெர்னாவுக்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய மரியாதை வாலை வைத்துத்தான் எழுதுகிறார், அடிப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டுமே. துண்டு, ஐஸ், இஸ்திரிப் பெட்டி என்று எல்லாச் சீட்டும் கருவிப்பெட்டியின் மூடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. பழையவற்றில் பென்சில் கோடுகள் மங்கிவிட்டன.

இன்று மாலையோடு வெர்னா ஓய்வு பெறுகிறார். எலிசேயோ தலையணைச் சீட்டைக் கிழித்துப்போட்டு, புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு இறங்கினார்.

மேசையில் பாதி தின்ற கேக்.

"என்ன, தலையணையா?"

"இல்ல மேடம்."

"ஐஸா?"

சீட்டை நீட்டினார். 'உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், இனி உங்களுக்கு நேரமும் இருக்கும் என்பதால், அடுத்த மாதம் எதிர்க்கடையில் என்னோடு காபியும் பீக்கன் பருப்பு இனிப்பும் சாப்பிட வர முடியுமா?'

"அடேயப்பா, சரக்கு ரயில் மாதிரில்ல இருக்கு!" என்று ஆரம்பித்த வெர்னா, பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். எலிசேயோ தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி, பழுதே இல்லாத லிஃப்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்னா இரண்டு தடவை படித்தார். பென்சிலை எடுத்து, 'உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். பென்சில் அங்கேயே நிற்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, 'அடுத்த மாதம்' என்பதையும் அடித்தது.